குறுக்கே ஒரு கோடு

வாசுகியின் குடலைப் புண்ணாக்கியவை அவளுடைய வெள்ளை அணுக்களேதான். அவை ரத்தத்தை விட்டு வெளியேறாதபடி மாதாமாதம் ஊசி போட்டார்கள். இரண்டு வருடம் வயிறாரச் சாப்பிட்டாள். அதே ஊசி மூளைக்குள்ளும் அவற்றைப் போகவிடாமல் தடுத்ததில், அங்கே ஒரு கிருமி பரவிவிட்டது. இடது கை விழுந்தது, பேச்சும் போனது.

“மருந்தை ரத்தத்துலருந்து எடுத்துடலாம். அணுக்கள் மூளைக்குள்ள போய்க் கிருமியை அழிக்கும். ஆனா மொத்தமாப் பாயறப்போ மூளையையும் தாக்கலாம்” என்ற டாக்டர், சம்மதப் படிவத்தை நீட்டினார்.

கணவன் இளவழகன் அதையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு வாசுகியின் பக்கம் திரும்பினான். “என்னால முடியலடி. நீயே சொல்லு.”

அவள் வலது கையால் பேனாவைப் பிடுங்கி, படிவத்தின் குறுக்கே கோணலாக ஒரு கோடு இழுத்தாள்.

அது கையெழுத்தா, வேண்டாமென்று அடித்ததா? இளவழகன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கையெழுத்துப் போட்டுட்டா, டாக்டர்” என்று அழுதபடி நீட்டினான்.