கண் திறந்த படம்

செத்துப்போன பெண் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு காதும் தெரியணுமாம் அங்கிள்" என்று முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒரு நொடி கேமராவை விட்டுப் பின்வாங்கினார். இந்த முகத்தைத்தான் போன மாதம் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பெரிதாக்கினார். சட்டம் போட்டு இவளுடைய அப்பா கையில் கொடுத்தபோது அந்த மனுஷன் அழுத அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அட, இது அக்காக்காரி. போனது தங்கச்சி. பத்து நிமிஷ இடைவெளியில் பிறந்த இரட்டைகள், அச்சு அசல் ஒரே முகம். அதில் ஒன்று போய் ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தால் பார்க்கிறவன் நெஞ்சு என்ன பாடுபடும்?

வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு ரெண்டும் இங்கேதான் படம் எடுத்துக்கொள்ளும். பெரியவள் படிப்பில் புலி. ஏழு வயசிலேயே அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பேர் வைத்தவர் இவர்தான். சின்னவள் 'வாலு'. பாடப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினாளே தவிர, திறந்து பார்த்ததாகத் தகவல் இல்லை.

அப்பா கம்பவுண்டர். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் வீட்டு டாக்டர்களுக்குக் கதவு திறந்துவிட்டவர். தன் வீட்டிலிருந்து ஒரு டாக்டர் வரவேண்டும், அந்த ஒரே ஆசையில்தான் அவர் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

நுழைவுத் தேர்வை டாக்டரம்மா மட்டும்தான் எழுதினாள். மார்க் வந்ததும், மருத்துவக் கல்லூரியில் சீட்டு கைக்கு வந்த மாதிரிதான் என்று தெருவே பேசியது. மூன்றாம் நாள், ரோட்டைக் கடக்கும்போது வாலுவை லாரி அடித்துப்போட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அடையாளம் சொன்னவர் அப்பாதான்.

"இன்னிக்கு அஞ்சு மணியோட அப்ளிகேஷன் க்ளோஸுங்க" என்றார் கூட வந்திருந்த அப்பா, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "போட்டோ எடுத்து, அப்படியே நீங்களே கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பிடுங்க. இந்த சீட்டு கிடைச்சாத்தான் இவ அம்மா படுக்கையை விட்டு எந்திரிப்பா."

"கிடைக்காம எங்க போகும்?" ஸ்டுடியோக்காரர் வெள்ளைத் திரையை இழுத்துவிட்டார். "நேரா பாரு டாக்டரம்மா. சிரிக்கக் கூடாதாம். இந்த ரூல் போட்டவன் வீட்ல யாருமே சிரிச்சதில்ல போல."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருக்கிறது அந்தக் குடும்பம்?

ஃப்ளாஷ் அடித்தது. கண்ணை மூடிவிட்டாள். இன்னொன்று எடுத்தார், அதிலும் மூடிவிட்டாள். மூன்றாவதும் அதே கதை.

"தூக்கமே இல்லங்க அவளுக்கு" என்று அப்பா அவசரமாகச் சொன்னார். "உக்காந்து உக்காந்து அழறா."

பாவம், அழுது அழுது கண் கூசுகிறது என்று ஸ்டுடியோக்காரர் விளக்கைக் குறைத்து வைத்தார். நாலாவது படம் ஒருவழியாகத் தேறியது.

கம்ப்யூட்டர் முன்னால் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்துக்கொண்டார். பெயர், பிறந்த தேதி, தேர்வு எண், மார்க் எல்லாவற்றையும் அப்பா மனப்பாடமாக ஒப்பித்தார். அவள் தன் படம் திரையில் ஏறுவதை யாரோ ஒருத்தியுடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் போன் அடித்தது. "அவ அம்மாதான், இதோ வந்துடறேன், நீங்க அனுப்பிடுங்க" என்று வாசலுக்குப் போனார்.

கடைசியாக ஒரே ஒரு கட்டம் மிச்சமிருந்தது. 'மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்.' சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

"டிக் பண்ணிடட்டுமா டாக்டரம்மா?"

"நீங்க பெருசு பண்ணிக் கொடுத்தீங்களே அங்கிள், அந்தப் படம் எங்க ஹால்லதான் மாட்டியிருக்கு" என்றாள். "சாப்பிடறப்ப, உக்காரறப்ப, எப்பவும் என்னையே பாத்துட்டிருக்கு. என்னால அந்தப் பக்கம் திரும்ப முடியல."

இந்தப் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல், அவர் வாய்க்கு வந்ததைப் பேசினார்.

"அந்தப் படத்தைத் தேடி எடுக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிப்போச்சும்மா. பதினேழு வருஷத்துப் படத்தையும் கொட்டிப் பாத்தேன். ஒண்ணுலயாவது வாலு கண்ணைத் திறந்திருக்கணுமே! ஃப்ளாஷ் பட்டா போதும், டப்புனு மூடிக்குவா கழுதை. அதிசயமா ஒரே ஒரு படத்துல திறந்திருந்தா. நீதான் ஒரு தடவகூட மூடினதில்ல."

வாசலில் அப்பா பேசி முடித்துவிட்டுத் திரும்பும் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் மவுஸின் மேலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் மூணு தடவை மூடினேனே அங்கிள், அப்பகூடவா என்னைத் தெரியல?"