மாடிவீட்டுப் பூச்சாண்டி

நான் பொன்னரசு. வயது இருபத்து மூன்று. போலந்தில் ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன்; யார் கையில் கிடைத்தாலும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எதிரே ஓர் அம்மா குழந்தைக்குக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தாள். அது வாயை இறுக மூடிக்கொண்டது. அவள் என் பக்கம் விரலை நீட்டி, அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். குழந்தை என்னையே பார்த்தபடி வாயைத் திறந்து விழுங்கியது. எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனால் அவள் சொன்னது புரிந்தது.

திருப்பூரில் அக்கா மகள் மகிழினிக்குச் சோறு ஊட்டும்போது நானும் மாடியைக் காட்டி, "வாயத் தொற சாமி, இல்லீனா அந்த வடக்கன் சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போயிருவான்" என்பேன். பனியன் கம்பெனிக்குக் கிளம்பிப் படியிறங்கும் அந்த மாடிவீட்டு வடநாட்டுக்காரர் அவளைப் பார்த்துச் சிரிப்பார். அவள் மடமடவென்று விழுங்குவாள்.

அவருடைய மகள் இப்போது மகிழினியின் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள் என்று போன வாரம் நீ சொன்னாய், அக்கா. "அவ அப்பன் புள்ள புடிக்கறவன்னு உன்ற மருமக கிளாஸ் பூராச் சொல்லி வெச்சிருக்காடா. ஒருத்தியும் அவ பக்கத்துல உக்கார்றதில்லையாமா" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

நாளைக்கே மகிழினியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போ, அக்கா. மாமன் சொன்னது பொய் என்று அந்த மாடிவீட்டுப் பிள்ளையின் எதிரிலேயே சொல். இரண்டு வருஷம் கீழ்வீட்டில் இருந்தும் அவர் பெயர் எனக்குத் தெரியாது. அதை மகிழினியே கேட்கட்டும்.