சட்டைப் பையில் கடலைத் தோல்

"இன்னிக்கு எதுங்க? கடலையா, எண்ணெயா?" அடுப்படியிலிருந்து கேட்டாள் கௌரியம்மாள்.

"உனக்கு எது இஷ்டமோ அதைச் செய்" என்றார் ராஜவேலு.

"எண்ணெயே இருக்கட்டும். சுரைக்காயைத் தாளிச்சா கொஞ்சம் வாசனையா இருக்கும்."

"ஆங், அதான் சரி."

மூன்று மாதமாக அந்த வீட்டில் தினமும் இதே பேச்சு. கௌரியம்மாளின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கத்தான் இருவரும் டாக்டர் நூர் முஹம்மதுவிடம் போனார்கள். அவளைச் சோதித்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். உள்ளேயே நின்றுவிட்ட ராஜவேலு வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், கையில் ஒரு சீட்டுடன்.

"உன்னைக் காட்ட வந்தா மனுஷன் என்னைப் பிடிச்சுக்கினாரு. உடம்பைக் குறைக்கலைன்னா நெஞ்சு ஒரு வருஷம்கூடத் தாங்காதாம்."

சோறு இரண்டே கரண்டி. காய்கறி வயிறு நிறைய. ஒரு கைப்பிடி வேர்க்கடலை தின்றால் அன்று எண்ணெய் கூடாது. எண்ணெய் விட்டுத் தாளித்தால் கடலை கூடாது. வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறவருக்கு இப்படி ஒரு பத்தியம்!

அன்றே எண்ணெய்ச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாள் கௌரியம்மாள். அவளுக்கு உயிரான மசால்வடையும் அதோடு போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்ட இலையில்தான் அவள் சாப்பாடு. அவருக்கு ஆகாதது எதுவும் அவள் தொண்டையில் இறங்காது.

"நீயும் இதையேதானே சாப்பிடற?" என்று கை கழுவிக்கொண்டே கேட்டார் ராஜவேலு.

"பின்னே, எனக்குன்னு தனியா வடை சுட்டுக்கினு உக்காந்திருப்பேனா?"

அவர் சிரித்துக்கொண்டே வேறு சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார்.

கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தாள் கௌரியம்மாள். பையில் ஏதோ மொரமொரத்தது. கையை விட்டாள். கடலைத் தோல்! ஒரு கைப்பிடிக்கு மேலேயே இருந்தது.

அதுதான் சங்கதியா? மூன்று மாதம் ஆகியும் அவருடைய தொப்பை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கவலையில் அவளுடைய ரவிக்கைதான் தொளதொளவென்று ஆகியிருந்தது.

தோலை முந்தானையில் முடிந்துகொண்டாள். சீட்டையும் எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று மேட்டுத் தெருவில் ஏறினாள்.

"வாங்கம்மா, ஜட்கா வண்டி எங்க?" என்றார் டாக்டர்.

"நடந்துதான் வந்தேன்."

"இந்த மேட்டுலயா? எங்கயும் நிக்காமயா?"

"நிக்கறதுக்கு எங்கங்க நேரம்? இதைப் பாருங்க!" முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள். "வீட்டுல எண்ணெய், மண்டியில கடலை. ஒரே நாள்ல ரெண்டும்! மூணு மாசமா என்னை ஏமாத்திக்கினு இருக்காரு. நீங்க கூப்பிட்டு நாலு வார்த்தை கேக்கணும். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. டாக்டர் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்தும் கேட்டார்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? அவரைக் கூப்பிடுங்க."

"இனிமே ஆடிக் கிருத்திகைக்குக் கோயில் மலைப்படியே ஏறலாம். தாராளமா ஏறலாம்" என்று சிரித்தார் டாக்டர்.

"அவரா? இந்தத் தொப்பையை வெச்சுக்கினா?"

"அந்தச் சீட்டைக் குடுங்க. மேல என்ன பேரு எழுதியிருக்குது, பாருங்க."

"எனக்கு எழுத்து தெரியாதுங்களே."

"கௌரியம்மாள்னு எழுதியிருக்குது. 'அவளுக்குன்னு சொன்னா ஒரு நாள்கூடக் கேக்க மாட்டா, எனக்குன்னே சொல்லிடறேன்'னு அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கினு கெஞ்சினவர் உங்க வீட்டுக்காரர்." டாக்டர் கடலைத் தோலை ஓரமாக ஒதுக்கினார். "அவருக்கு ஒரு நோயும் இல்லம்மா. பாவம், மண்டியிலயாவது ரெண்டு கடலை தின்னட்டும், விடுங்க."