ஆறு அங்குலம்

"வண்டியை ரெண்டு அங்குலம் உயர்த்தவா இவ்வளவு தூரம் வந்தேன்? டயர்ல காத்து அடிச்சாலே அவ்வளவு ஏறிடுமே!" என்று சிரித்தார் டிரக்கின் சொந்தக்காரர். "ஆறு அங்குல ஸ்பிரிங் செட்டையே மாட்டுங்க. மலைப்பாதையில ஒரு கல்லுகூட அடியில தட்டக் கூடாது."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "ரெண்டே போதும் சார்."

"ஊருக்குத்தான் உபதேசமா? உங்க வண்டி மட்டும் ஆறு அங்குலம் ஏறி நிக்குது!"

ஷெட்டின் மூலையில் அந்த டிரக் தூசி படிந்து, வாசலைப் பார்த்து நின்றது. மெக்கானிக் அதன் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறி உட்காருங்க. முன்னாடி என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"வாசல் கேட்டு, எதிர்க்கடை, ரோடு... அடடா, சிம்மாசனம் மாதிரி இருக்கே!"

மெக்கானிக் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போய் எதையோ எடுத்துவந்து, பானெட்டுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"இப்போ?"

"அதே கேட்டு, அதே கடை, அதே ரோடு. என்னய்யா, விளையாடுறீங்களா?"

"இறங்கி வந்து பாருங்க சார்."

பம்பருக்கு ஒரு முழம் முன்னால் ஒரு குட்டி மூன்று சக்கர சைக்கிள் நின்றது. கைப்பிடியில் ரிப்பன் கட்டியிருந்தது. முன்சக்கரம் நசுங்கிப் போயிருந்தது.

வந்தவரின் குரல் இறங்கிவிட்டது. "இது... யாரோடது?"

"என் பொண்ணோடது." மெக்கானிக் குனிந்து ரிப்பனைச் சரிசெய்தார். "அன்னைக்கு எனக்கும் கேட்டு, கடை, ரோடு மட்டும்தான் சார் தெரிஞ்சுது."