பிரதிநிதியின் கை

இடுப்பு விட்டுப்போயிருந்தது.

விடிந்ததிலிருந்து அரண்மனை முற்றத்தில் நிற்கிறான். கக்கத்தில் சேவல். காலைக் கட்டியிருந்தான். அது துள்ளுவதை விட்டு வெகுநேரமாயிற்று.

முற்றத்தின் நடுவே, வைக்கோல் சுற்றிய கல்தூண் கிடந்தது. கப்பலேறிப் பாரீஸ் கண்காட்சிக்குப் போகப்போகிற தூண். வண்டியிலிருந்து இறக்கும்போது, இதே முற்றத்தில், அவன் தம்பி மாசானத்தின் நெஞ்சில் ஏறியது.

ஆளைக் குடித்த கல்லைச் சும்மா நகர்த்தமாட்டார்கள். கல்லுக்கு உடையவன் சேவலைத் தொட்டுக் கொடுக்கவேண்டும். அதை அறுத்துக் கல்லுக்கு ரத்தம் காட்டின பிறகுதான் வடத்தில் கை வைப்பார்கள். இல்லாவிட்டால் அது இன்னொருத்தனைக் கேட்கும்.

உடையவர் மகாராஜா. அவர் பக்கத்தில் போகமுடியுமா இவன்?

மணியக்காரரைக் கேட்டான். கண்காட்சிக்குச் சமஸ்தானத்தின் பிரதிநிதி என்று ஒருத்தரைப் போடப்போகிறார்கள், இனி கல்லுக்கு அவர்தான் எல்லாம், அவர் காலில் போய் விழு என்றார்.

உள்ளே மேளம் ஓய்ந்தது.

பிரதிநிதியாகித் தாண்டவராயப் பிள்ளை வெளியே வந்தார். புதுச் சரிகைத் தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை. முகத்தில் சந்தோஷம் இல்லை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அவர் வீட்டில் ஒரே அழுகையாம்.

அவன் குனிந்து சேவலை நீட்டினான். விரல் பட்டால் போதும் என்றான்.

பிள்ளை பின்வாங்கினார். சேவலைப் பார்த்தார். வைக்கோலைப் பார்த்தார்.

"திரும்பி வந்து எல்லாத்துக்கும் சேர்த்துப் பரிகாரம் பண்ணிக்கிடலாம்ப்பா."

இரக்கமாகத்தான் சொன்னார். பல்லக்கில் ஏறிக்கொண்டார்.

வடத்தை எடுத்துப் போட்டார்கள்.

முன்வடத்தில் மாசானம் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அங்கே போகவில்லை.

மணியக்காரர் பிரம்பை நீட்டிப் பலவேசத்தைக் காட்டினார். இவன் தங்கச்சி மாப்பிள்ளை. போன ஆவணியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

பலவேசம் போய் நின்றான். தோளில் துண்டை மடித்துப் போட்டான். சேவலைக் காட்டி இவனிடம் கேட்டான்.

"என்ன மச்சான், ராத்திரி கறிக்கொழம்பா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவன் சேவலின் கட்டை அவிழ்த்துக் கீழே விட்டான். கால் மரத்துப்போய், விட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

பலவேசத்தின் தோளைத் தொட்டுப் பின்னால் தள்ளினான்.

அந்த இடத்தில் தான் நின்றான்.

தூண் அசைந்தது.

கல்லுக்கு ஒரு சேவல் பாக்கி.