பட்டு நாடா

தேவாங்கு பல வருஷம் அலைந்து திரிந்துதான் காட்டுச் சபாவில் பியானோ வாசிக்கும் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் காக்கா வீட்டுக் கல்யாணங்களில் அக்கார்டியன் வாசிப்பதை மட்டும் அது விடவில்லை.

சபாச் செயலாளர் மயிலுக்கு இது பிடிக்கவில்லை. அக்கார்டியனின் துருத்திக்கு இடது கையை இழுத்து மடக்கித்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், பியானோ முன்னால் உட்கார்ந்தாலும் தேவாங்கின் முழங்கை விரிந்து விரிந்து மடங்கும்.

"கல்யாணக் கூத்தெல்லாம் இங்கே வேண்டாம்ப்பா. பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்று சொல்லி, கச்சேரிக்கு முன்னால் பட்டு நாடாவால் அந்த முழங்கையை விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டது மயில்.

தேவாங்கு வாசித்தது. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. முன்வரிசையில் கரடி குறட்டை விட்டது. தேவாங்குக்கே தன் வாசிப்பைக் கேட்க மூச்சு முட்டியது. சட்டென்று நிறுத்தியது. இந்த இடம் போனால் போகட்டும் என்று நாடாவைப் பல்லால் அறுத்துத் துப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

முழங்கை விரிந்தது. கரடி விழித்துக்கொண்டது. முழங்கை விரியும்போதெல்லாம் கரடியின் நெஞ்சும் கூடவே ஏறி இறங்கியது. முடிந்தபோது கைதட்டல் ஓயவே இல்லை.

"பிரமாதம்! பியானோ மூச்சு விட்டுச்சேய்யா!" என்று மயில் தோகையை விரித்து ஆடியது.

"வரேங்க, காக்கா வீட்டுல காத்திருப்பாங்க" என்று அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டது தேவாங்கு. வாசலில் திரும்பிப் பார்த்தால், மயில் அறுந்த நாடாவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அது எதுக்குங்க இன்னும்?"

"நாளைக்கு முயல் கச்சேரி. அது வாசிக்கிறப்போ காலை ஆட்டுமாமே!"