நாற்பது கிராம்

எடை மேடையில் நிற்க முடியாமல் நாய் உட்கார்ந்துவிட்டது. இருபத்து மூன்று கிலோ அறுநூறு.

சரியாகத்தான் பார்த்தேனா என்ற சந்தேகத்தில் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதேதான்.

போன செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தபோது இருபத்தைந்து கிலோ நூறு. வளர்ந்த அல்சேஷனுக்கு முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும்.

"நாலு வேளை சோறு, கறி, முட்டை. எல்லாத்தையும் துன்னுட்டு இன்னும் கேக்குதும்மா. ஆனா இளைச்சிக்கினே போவுது," என்றார் பட்டு முதலாளி சிவபாலன்.

கிளினிக் உள்ளே டாக்டர் வேறொரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்; எடை பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் உதவியாளரான என் வேலை. வராந்தாவில் பூனைக்கூடையோடு காத்திருந்த ஷமீம் பானு அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நாய் துன்னுதுன்றாரு. தொப்பை என்னமோ இவருக்கில்ல வந்திருக்குது."

சிரித்தார்கள். சிவபாலன் முகம் கறுத்தது.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எட்டு வருடங்களுக்கு முன் அவர் கடையில், பள்ளிச் சீருடையோடு அப்பாவின் அருகே நின்றவள் நான்.

அன்று தராசில் இருந்தது அப்பா நெய்து முடித்த சேலை. அவர் கொடுத்த பட்டு, சரிகை எடையைவிட நாற்பது கிராம் குறைந்தது. அடைமழையில் நிறுத்துக் கொடுத்த நூல் அது. ஈரம் காய்ந்தால் எடை இறங்கும். தறியைத் தொட்ட எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் பத்துப் பேர் முன்னால் கேட்டார்.

அப்பா என் தலையில் கை வைத்து, "சத்தியமா நான் எடுக்கலீங்க" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒருவரும் அப்பாவின் தறிக்குப் பாவு நூல் கொடுக்கவில்லை. இப்போது வாலாஜாபாத் அரிசி மில்லில் கோணி தைக்கிறார்.

சிவபாலன் அன்று கேட்ட கேள்வியை டைரியில் பல முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். இப்போது அதை அவரிடமே கேட்டேன்.

"குடுத்ததெல்லாம் எங்க போச்சு? யாரு எடுத்தா?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப்போறேன்..." அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து நாயின் தலையில் கை வைத்தார். "சத்தியமா நான் எடுக்கலம்மா."

போதும் என்று தோன்றியது. மேசை இழுப்பறையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தேன்.

"கணையத்துல செரிமான என்சைம் சுரக்கலைன்னு ரத்த டெஸ்ட்ல வந்திருக்குது சார். அதான் சாப்பிடறது உடம்புல ஒட்டல. ஒவ்வொரு வேளையும் சோத்துல ஒரு ஸ்பூன் கலந்து வைங்க. தேறிடும்."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இருப்பம்மா" என்றார். நாய் என் விரல்களை நக்கியது.

மாலைக் கல்லூரி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டைரியைத் திறந்தேன். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தைகள். எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்று மட்டும் எழுத வரவில்லை.

டெஸ்ட் முடிவும் பவுடரும் போன புதன்கிழமையே வந்துவிட்டன. "உடனே போன் பண்ணி வரச் சொல்லும்மா" என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். நான் பண்ணவில்லை.

நாயின் இரண்டு எடைகளையும் கழித்துப் பார்த்தேன். சந்தேகத்தில் மறுபடியும் கழித்தேன்.

ஒன்றரைக் கிலோ.

யார் எடுத்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை.